அத்தியாயம் 6: பாஸ்புக்கில் இருப்பது யாருடைய பணம்?

மார்ச் 31 அன்று பாஸ்புக்கில் 11,40,000 ரூபாய் இருக்கிறது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பொருளாளர் தொகையை வாசிக்கிறார். "இந்த வருஷம் பரவாயில்லையே" என்கிறார் தலைவர். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து, டீ, கலைதல். இரண்டு மாதம் கழித்து, சம்பளம் போட வழியில்லாமல் செயலாளர் வீட்டு நகை அடகுக்குப் போகிறது.

இடையில் யாரும் எதையும் திருடவில்லை, வீண் செலவும் செய்யவில்லை. கூட்டத்தில் வாசித்த எண்தான் தவறான எண்.

இந்த அத்தியாயம் முழுக்க ஓர் எடுத்துக்காட்டு நிறுவனத்தை வைத்துக்கொண்டே போவோம். ஒரு தாலுகா தலைநகரில், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பகல்நேர மையம். வாடகைக் கட்டடம், ஒரு வேன், பத்துப் பணியாளர்கள். பெற்றோர் கட்டும் சிறு கட்டணம், ஊர்க்காரர்களின் நன்கொடை, பிறந்தநாளுக்கும் திதிக்கும் தருகிற ஒருவேளைச் சாப்பாட்டுப் பணம், ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். திட்டம் ஆகியவைதான் வரவு. எண்கள் நான் போட்டவை. சின்ன அமைப்பு ஒன்றின் கணக்கை எழுதிப் பழகியவர்களுக்கு அவற்றின் போக்கு புதிதாக இருக்காது.

11,40,000-ஐப் பிரித்தால்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே வங்கி இருப்பை எழுதுங்கள். அதற்குக் கீழே, ஏற்கெனவே வேறொருவருக்கோ வேறொன்றுக்கோ சொந்தமாகிவிட்ட பணத்தை ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

சி.எஸ்.ஆர். தவணை மார்ச் கடைசி வாரத்தில் வந்து சேர்ந்தது. பயிற்சிக் கருவிகளுக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது: 6,20,000. கார்பஸ் நிதிக்கென்று கடிதம் எழுதிக் கொடுத்த நன்கொடை, எஃப்.டி.யில் போட வேண்டியது: 2,00,000. ஏப்ரலில் கொடுக்க வேண்டிய மார்ச் சம்பளம்: 1,35,000. வாடகை பாக்கியும் ஆடிட்டர் கட்டணமும்: 40,000. வரும் மாதங்களின் குறிப்பிட்ட தேதிகளுக்குச் சாப்பாட்டுக்காக முன்கூட்டிக் கட்டியவர்களின் பணம்: 45,000.

கூட்டினால் 10,40,000. மிச்சம் ஒரு லட்சம்.

இனி செலவுப் பக்கம். திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் ஆகிற செலவு எவ்வளவு? சம்பளம் 1,35,000, வாடகை 22,000, மதிய உணவு 20,000, வேன் டீசல் 18,000, மின்சாரம், போன், மருந்து, சில்லறை எல்லாம் சேர்த்து 15,000. மொத்தம் 2,10,000. ஒரு லட்சத்தை இதனால் வகுத்தால் அரை மாதம்கூட வரவில்லை. நாளை காலையிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்றால் இந்த மையம் பதினான்கு நாள் தாங்கும்.

குழுக் கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டியது இந்தப் பதினான்கு நாளைத்தான். பாஸ்புக் இருப்பை அதற்குப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

எத்தனை மாதம் தாங்கினால் போதும் என்று கேட்பார்கள். மூன்று மாதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் வரவில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றால் ஆறு மாதம் வேண்டும் என்பேன். அந்த ஓர் இடம் கை விரித்தால், அடுத்ததைத் தேடிப் பேசி, ஒப்பந்தம் போட்டு, முதல் தவணை கைக்கு வர அவ்வளவு காலம் எடுக்கும்.

ஐந்து வருடத்தை ஒரே தாளில்

ஒரு வருட இருப்புநிலைக் குறிப்பு ஒரு புகைப்படம் மாதிரி. அதை வைத்து ஆள் தேறுகிறானா தேய்கிறானா என்று சொல்ல முடியாது. ஐந்து வருட ஆடிட் அறிக்கைகளை எடுத்து ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். நான்கு வரிசை போதும்: மொத்த வரவு, மாத அடிப்படைச் செலவு, எந்த நிபந்தனையும் இல்லாத பொது நிதி, அது எத்தனை மாதம் தாங்கும்.

நம் மையத்தின் தாள் இப்படி இருக்கிறது. முதல் வருடம் வரவு 19 லட்சம், மாதச் செலவு 1,50,000, பொது நிதி 4,60,000. மூன்று மாதம் தாங்கும். ஐந்தாம் வருடம் வரவு 38 லட்சம், மாதச் செலவு 2,10,000, பொது நிதி ஒரு லட்சம். வரவு இரண்டு மடங்காகியிருக்கிறது. ஆண்டு மலரில் அதைத்தான் அச்சடித்திருப்பார்கள். தாங்குகிற காலமோ மூன்று மாதத்திலிருந்து அரை மாதமாகச் சுருங்கிவிட்டது.

3,60,000 எங்கே போனது? இரண்டாம் வருடம் தொடங்கிய சி.எஸ்.ஆர். திட்டத்துக்குள் போனது. ஆண்டுக்கு 12 லட்சம் மதிப்புள்ள திட்டம். சிறப்பாசிரியர் சம்பளம், கருவி, சிகிச்சை எல்லாவற்றுக்கும் கம்பெனி கொடுத்தது. ஆனால் அந்த வகுப்பு நடக்கிற அறையின் வாடகை, அதற்கான தனிக் கணக்கை எழுதுகிற அக்கவுண்டன்ட்டின் நேரம், காலாண்டு அறிக்கை, பயனீட்டுச் சான்றிதழுக்கு ஆடிட்டர் கட்டணம், பார்வையிட வருகிறவர்களை அழைத்து வருகிற வேன் டீசல், இவை ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். "நிர்வாகச் செலவு" என்ற ஒற்றை வரியில் கம்பெனி ஒதுக்கியது 60,000. மீதி 90,000 பொது நிதியிலிருந்து போனது. நான்கு வருடம், 3,60,000. கணக்கு நேராகிவிட்டது.

ஆக, ஊர்க்காரர்கள் கொடுத்த ஐந்நூறும் ஆயிரமும் சேர்ந்து ஒரு கம்பெனியின் திட்டத்துக்கு மானியம் கொடுத்திருக்கிறது. யாரும் அப்படித் திட்டமிடவில்லை. ஒவ்வொரு வருடமும் ஆடிட் சுத்தம். யாரும் கேள்வி கேட்கவில்லை. தாளைப் பக்கம் பக்கமாக வைக்கும்வரை இது கண்ணில் படவே படாது.

இதற்கு மருந்து, திட்ட முன்மொழிவு எழுதும்போதே இருக்கிறது. "நிர்வாகச் செலவு 5 சதவீதம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்காதீர்கள். வகுப்பறை வாடகையில் திட்டத்தின் பங்கு, அக்கவுண்டன்ட் சம்பளத்தில் திட்டத்தின் பங்கு, ஆடிட் கட்டணம் என்று பெயர் சொல்லி, திட்டச் செலவாகவே எழுதுங்கள். "எங்களுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் சட்டம் அனுமதிக்காது" என்று கம்பெனி அதிகாரி சொன்னால், பணிவாக ஒன்றை நினைவூட்டலாம்: சி.எஸ்.ஆர். விதிகளில் வருகிற அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்கிற செலவுக்கான வரம்பு. களத்தில் திட்டத்தை நடத்துகிற உங்கள் செலவுக்கு அது பொருந்தாது. இதைக் கேட்டபின்பும் சிலர் தர மாட்டார்கள். அப்போது, இந்தத் திட்டத்தை எடுத்தால் பொது நிதியிலிருந்து எவ்வளவு போகும், அதைத் தாங்க முடியுமா என்று குழு தீர்மானம் போட்டு எடுக்கட்டும். வேண்டாம் என்று சொல்வதும் ஒரு தீர்மானம்தான். இந்த அத்தியாயத்தில் மிகக் கடினமானதும் அதுதான்.

"மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் செலவழித்துவிடணும்"

சேமிப்பு இல்லாமல் போவதற்கு இன்னொரு காரணம், பிப்ரவரி மாதத்தில் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றி வருகிற இந்த வாக்கியம். அறக்கட்டளை என்றால் கையில் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது, வைத்தால் வரி போட்டுவிடுவார்கள் என்று டிரஸ்டிகளே நம்புகிறார்கள். அந்தப் பயத்தில் தேவையில்லாத பீரோவும் கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டவர்கள் உண்டு.

சட்டம் சொல்வது வேறு. 12ஏ பதிவு உள்ள அமைப்பு அந்த ஆண்டு வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும். மீதி 15 சதவீதத்தை எந்த விண்ணப்பமும் இல்லாமல், கால வரம்பும் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். 38 லட்சம் வரவுக்கு இது 5,70,000. நம் மையத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதச் செலவு. அதற்கும் மேலே ஒதுக்க வேண்டுமானால், வேன் வாங்க, கட்டடம் கட்ட என்று குறிப்பிட்ட நோக்கத்தைச் சொல்லி, உரிய படிவத்தை நேரத்தில் தாக்கல் செய்து, ஐந்து ஆண்டுவரை சேர்த்து வைக்கலாம். கார்பஸ் நிதிக்கென்று எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுத்த நன்கொடை இந்த 85 சதவீதக் கணக்குக்குள்ளேயே வராது. சேர்க்கிற பணத்தைச் சட்டம் அனுமதித்த இடத்தில்தான் போட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்: வங்கி எஃப்.டி., அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம் போன்றவை. தெரிந்தவர் நடத்துகிற சீட்டிலும் நிதி நிறுவனத்திலும் போடாதீர்கள், வட்டி எவ்வளவு ஆசை காட்டினாலும்.

பிரிவு எண்கள் பற்றி ஒரு குறிப்பு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது, எண்கள் மாறிவிட்டன. பேச்சில் 12ஏ, 80ஜி என்றே புழங்குவதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். விண்ணப்பம் போடும்போது புது எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமிப்பைப் பற்றி நன்கொடையாளரிடம் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. "மூன்று மாதச் சம்பளம் எப்போதும் கையில் இருக்கிறது, அதனால் ஆசிரியர்கள் விட்டுப் போவதில்லை" என்று சொன்னால் கடைக்காரருக்கும் விவசாயிக்கும் உடனே புரியும். புரியாமல் போவது பெரும்பாலும் நம் குழுவில் இருக்கிறவர்களுக்குத்தான்.

கணக்கில் வராத மூன்று செலவு

வருடம் போகப் போக ஓர் அமைப்பைச் சாய்ப்பவை பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத செலவுகள்.

முதலாவது, வேன். எட்டு லட்ச ரூபாய் வேனை ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்தது. சாவி வழங்கும் போட்டோ சுவரில் தொங்குகிறது. பத்து வருடத்தில் அது ஓய்ந்துவிடும். அடுத்த வேனுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வருடம் 80,000 தனி எஃப்.டி.யில் போட்டு வந்தால்தான் பதினோராவது வருடம் குழந்தைகள் வீட்டிலிருந்து வர முடியும். அவ்வளவு முடியாவிட்டால் பாதியாவது போடுங்கள். ஆடிட்டர் தேய்மானம் எழுதியிருப்பார். அது தாளில் இருக்கிற எண். அதன் பின்னால் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பணிக்கொடை. பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனத்தில், தொடர்ந்து ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர் விலகும்போது கிராஜுவிட்டி கொடுத்தாக வேண்டும். தொண்டு நிறுவனம் என்று விலக்குக் கிடையாது. கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் குழந்தைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டிய ஆயாவின் கடைசிச் சம்பளம் 9,100 என்றால், வருடத்துக்கு 5,250, மொத்தம் 63,000. அந்த அம்மா ஓய்வு பெறுகிற மாதத்தில் திடீரென்று 63,000 ரூபாய்க்கு எங்கே போவது? இரண்டு பேர் ஒரே ஆண்டில் விலகினால்? ஒவ்வொரு பணியாளருக்கும் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளத்தை விடச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கி வந்தால் இந்தக் கேள்வியே எழாது. எல்.ஐ.சி.யில் குழுப் பணிக்கொடைத் திட்டம் இருக்கிறது. கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. செயலாளரின் சம்பளம், அதாவது அவர் வாங்காத சம்பளம். நிறுவியவர் காலை எட்டு மணிக்கு வந்து கதவைத் திறக்கிறார், கலெக்டர் ஆபீஸுக்கு அலைகிறார், இரவில் நன்கொடையாளர்களுக்குப் போன் பேசுகிறார். மாதம் 25,000 கொடுத்தாலும் இத்தனை வேலைக்கு ஆள் கிடைக்காது. அப்படியென்றால் அவர் ஆண்டுக்கு மூன்று லட்சம் நன்கொடை தருகிறார். அந்த மையத்தின் மிகப் பெரிய தனி நன்கொடையாளரே அவர்தான். அந்தப் பெயர் எந்த ரசீதிலும் இல்லை. அவருக்கு எழுபது வயதாகிறபோது அந்த நன்கொடை நின்றுபோகும், அடுத்து வருகிறவர் சம்பளம் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். ஐந்து வருடத் தாளில் இதற்கு ஒரு வரி போட்டு, பொறுப்பாளர் சம்பளம் 3,00,000 என்று எழுதிப் பாருங்கள். அதைச் சேர்த்தால் உங்கள் வரவு செலவு எந்தப் பக்கம் சாய்கிறது?

டிரஸ்டி சம்பளமே வாங்கக் கூடாது என்பதும் அரைகுறைச் செய்திதான். அறக்கட்டளைப் பத்திரம் அனுமதித்தால், செய்கிற வேலைக்கு நியாயமான ஊதியம் தருவதை வரிச் சட்டம் தடுக்கவில்லை. நியாயத்துக்கு மீறிய தொகையைத்தான் கேள்வி கேட்கும். தீர்மானம் போட்டு, வங்கி வழியாகக் கொடுங்கள். அவருக்கு அந்தப் பணம் வேண்டாம் என்றால், வாங்கிவிட்டு நன்கொடையாகத் திருப்பிக் கொடுக்கட்டும். அப்போதாவது உண்மைச் செலவு புத்தகத்தில் ஏறும்.

அதேபோல, அவசரத்துக்கு அவர் போடுகிற கைமாற்று. அடகு வைத்த பணத்தில் சம்பளம் போட்டுவிட்டு, அடுத்த நன்கொடை வந்ததும் ரொக்கமாக எடுத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் புத்தகத்தில் ஏறாத கடன் இரண்டு விதத்தில் கெடுதல். அமைப்பு திணறுவது குழுவுக்குத் தெரியாமல் போகிறது. பின்னாளில் அவர் எடுத்த பணத்துக்கு அவரால் கணக்குக் காட்டவும் முடியாது. காசோலையாகப் போடுங்கள், கடன் என்று எழுதுங்கள், காசோலையாகவே திருப்புங்கள்.

வரவு எப்போது வரும், யாரிடமிருந்து

வருட மொத்தம் சரியாக இருந்தும் நடுவில் மூச்சு முட்டலாம். நன்கொடை மார்ச்சிலும் தீபாவளியை ஒட்டியும் வரும். கம்பெனித் தவணை அவர்கள் சௌகரியப்படி வரும். சம்பளம் மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி போகும். கடந்த இரண்டு வருடத்தின் மாதாந்திர வரவைச் சுவர்க் காலண்டரில் எழுதிப் பாருங்கள். மேயிலிருந்து ஆகஸ்ட்வரை பள்ளமாகத் தெரிந்தால், ஜனவரியில் யோசிக்க வேண்டியது அந்தப் பள்ளத்தைத்தான். மார்ச்சில் வருகிற பணத்தைப் பார்த்து ஏப்ரலில் புது ஆள் எடுக்காதீர்கள்.

80ஜியை மட்டும் நம்பிக் கேட்கிற பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது. இப்போது யாரும் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த முறைதான். ரசீதுக்காகக் கொடுத்த மாதச் சம்பளக்காரர் அடுத்த வருடம் கொடுக்காமல் போகலாம். குழந்தையின் பெயர் தெரிந்து, வருடத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்து போகிறவர் பொதுவாக நிறுத்துவதில்லை. போன வருடம் கொடுத்த நூறு பேரில் இந்த வருடமும் கொடுத்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். புதிதாக வந்தவர் எண்ணிக்கையை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

சொந்த வருமானம் பற்றிப் பேசும்போது யாராவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை உதாரணம் காட்டுவார்கள். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு தொடங்கியது. பணம் கட்டுகிற நோயாளிகளின் கட்டணத்தில் கட்ட முடியாதவர்களுக்குச் சிகிச்சை. அருமையான வழி. ஆனால் அது நடப்பதற்குக் காரணம், வசதியுள்ளவருக்கும் அதே கண்புரை வருகிறது, அதே அறுவை சிகிச்சை வேண்டியிருக்கிறது. உங்கள் சேவையைப் பணம் கொடுத்து வாங்க ஊரில் ஆள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். நம் மையத்தில் வசதியுள்ள பெற்றோர் நான்கு பேர் இருந்தால் அவர்களிடம் முழுச் செலவைக் கேட்கலாம். அதைத் தாண்டி அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை.

வெளிநாட்டு நன்கொடைக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. சேமிப்பு விஷயத்தில் மட்டும் ஒன்று: எஃப்.சி.ஆர்.ஏ. பணத்தில் நிர்வாகச் செலவு 2020 திருத்தத்துக்குப் பிறகு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உள்ளூர்ப் பணத்தோடு கலக்கவும் கூடாது. அதை உங்கள் மூன்று மாதக் கையிருப்பாக எண்ணாதீர்கள்.

தேதிகளைத் தவறவிடுவதும் பணத்தை இழப்பதுதான். நன்கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்யும் கடைசி நாள் மே 31. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். 12ஏ, 80ஜி பதிவுகள் 2021 ஏப்ரலிலிருந்து நிரந்தரமல்ல, காலாவதி உண்டு. புதுப்பிக்கத் தவறினால் அந்த ஆண்டு வருமானத்தோடு நிற்காது. கடன் போக மிஞ்சுகிற சொத்து மதிப்பின் மீதே வரி போட வழி இருக்கிறது. இருபது வருடம் சேர்த்த நிலமும் கட்டடமும் ஒரு தேதியில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு மாதத்துக்குக் கீழே இறங்கினால்

தாங்குகிற காலம் ஒரு மாதத்துக்குக் கீழே வந்துவிட்டால் அவசரக் கூட்டம் கூட்டுங்கள். முதல் தீர்மானம்: திட்டப் பணத்தை எடுத்துச் சம்பளம் போடுவதில்லை. "அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்" என்று தொடங்கியது பயனீட்டுச் சான்றிதழில் போய் நிற்கும். அதன்பிறகு அந்தக் கம்பெனி மட்டுமல்ல, அதனிடம் விசாரிக்கிற மற்றவர்களும் வர மாட்டார்கள். இரண்டாவது, பணியாளர்களிடம் உண்மையைச் சொல்வது. அவர்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். உங்கள் வாயால் சொன்னால் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது, தொடர்ந்து கொடுக்கிற பத்துப் பேரை நேரில் பார்ப்பது, ஐந்து வருடத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு. எதையும் மறைக்காமல் காட்டுங்கள். ஒரு வருடத்துக்கு மாதம் இவ்வளவு என்று கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகை கேட்டால் அது அடுத்த மார்ச்சுக்குள் கரைந்துவிடும்.

அப்படியும் தேறவில்லை என்றால் எதைக் குறைப்பது என்ற கேள்வி வரும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுவதை விட ஒரு வேலையை முழுதாக நிறுத்துவது மேல். பாதி டீசலில் ஓடுகிற வேனும் பாதி நேரம் வருகிற ஆசிரியரும் பெற்றோரை மெதுவாக விரட்டிவிடுவார்கள். மையத்தையே மூடித்தான் ஆக வேண்டும் என்றால் கல்வியாண்டு முடிகிற ஏப்ரலில் மூடுங்கள், அதை ஜனவரியிலேயே பெற்றோருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேனையும் கருவிகளையும் இதே வேலையைச் செய்கிற, பதிவு நடப்பில் உள்ள வேறோர் அமைப்புக்குத் தீர்மானத்தோடு மாற்றிக் கொடுங்கள். குழந்தைகளுக்கும் அங்கே இடம் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு பெயர்ப்பலகையைக் கழற்றுங்கள்.